கோட்டையூரில் இருந்த எங்கள் வெள்ளிக்கிழமைகள்

நெடுந்தீவின் சரித்திரத்தைத் தேடி நான் இந்தியாவுக்குப் போய் வந்தேன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தப்பு. பள்ளிக்கூட மலருக்காகத் தீவின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அதற்காகக் கடல் தாண்டும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நான் போனது தங்கம்மாக்காவுக்காக.

தங்கம்மாக்கா எங்கள் தீவின் மருத்துவச்சி. என் மூன்று பிள்ளைகளும் அவர் கையில்தான் முதலில் அழுதன. அவருடைய தகப்பனார் கருப்பையா, சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் தீவில் அந்தக் காலத்தில் அரிசியும் துணியும் விற்ற கோட்டையூர்ச் செட்டியார் கடை ஒன்றில் சமையல் வேலை பார்த்தார். மகள் தீவில்தான் பிறந்தார். ஆனால் பிறப்பைப் பதிய வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்ட பிறகு, யார் இங்கே, யார் அங்கே என்று பட்டியல் எடுக்கத் தொடங்கினார்கள். தங்கம்மாக்காவுக்கும் கடிதம் வந்தது. இந்தத் தீவில் பிறந்ததற்கு எழுத்தில் ஆதாரம் காட்ட வேண்டும், இல்லையென்றால் இந்தியாவுக்கு அனுப்பப்படுவோர் பட்டியலில் பெயர் ஏறும். ஊர் முழுக்கச் சாட்சி சொல்லத் தயாராக இருந்தது. வாய்ச்சொல் போதாது என்றார்கள்.

"இந்தத் தீவில பிறந்த அத்தனை பேருக்கும் நான் சாட்சி, மாஸ்டர். எனக்கு ஆர் சாட்சி?" என்று கேட்டார் தங்கம்மாக்கா. கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அவருக்குத் தகப்பன் சொன்ன ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருந்தது. கடைச் செட்டியார் வெள்ளிக்கிழமைதோறும் உட்கார்ந்து, தீவில் அந்த வாரம் நடந்ததையெல்லாம் கோட்டையூர் வீட்டுக்குக் கடிதம் எழுதுவாராம். பசு கன்று போட்டால்கூட எழுதுவாராம். அந்தக் கடிதங்களை நம்பித்தான் அறுபத்தெட்டாம் ஆண்டு மார்கழியில் நான் கப்பல் ஏறினேன். என் அனுமதிச் சீட்டு பத்து நாளுக்கு. அதில் நான்கு நாள் வழியிலேயே போய்விட்டது.

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் கோட்டையூருக்குப் போனேன். செட்டியாரின் பெயர் எங்கள் தீவில் யாருக்கும் நினைவில்லை. ஆனால் கருப்பையாவின் பழைய பையில் தைத்திருந்த கடை விலாசத்தின் மூன்று எழுத்தைச் சொன்னதும் கண்டக்டர் டிக்கெட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வழி சொன்னார். அங்கே ஆளைவிட வீட்டின் எழுத்துதான் பெரிது போலிருக்கிறது.

"அங்குட்டுப் போயி மூணாவது வீடு. வாசல் இந்தத் தெருவுல, கொல்ல அடுத்த தெருவுல. மாறிப் போயிறாதீக" என்றார்.

அவ்வளவு சொல்லியும் நான் கொல்லை வழியாகத்தான் போய்ச் சேர்ந்தேன். எங்கள் தீவில் கடற்கல்லை அடுக்கி வேலி போட்டிருப்போம், எந்த வேலியையும் எட்டிப் பார்க்கலாம். இங்கே ஒரு வீட்டைச் சுற்றி வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. கொல்லையில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த வள்ளியம்மை ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கடைச் செட்டியாரின் மூத்த மருமகள். கணவர் பினாங்கில் இருந்தார், வீட்டை ஆச்சிதான் ஆண்டுகொண்டிருந்தார்.

"யாரு, எங்கிட்டிருந்து வாரீக?"

சொன்னேன். ஆச்சி முழுவதையும் கேட்கவில்லை. "நெடுந்தீவா? எங்க மாமா இருந்த ஊரா? மொதல்ல சாப்பிடுங்க. வெறும் வயித்தோட வந்த கத நல்லா இருக்காது" என்று உள்ளே கூட்டிப் போனார்.

அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு கிடைக்காது. வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி, அரிசி களைந்த தண்ணீரில் வைத்த மண்டி என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் "புட்டு வைக்கவா?" என்று கேட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. புட்டு என்றால் எங்களுக்கு மீன் குழம்பு ஊற்றிப் பிசைவதற்கு உள்ளது. இலையில் விழுந்தது இனிப்பு, முந்திரிப் பருப்போடு. நான் இரண்டாவது தரம் மண்டியை அதன் மேல் ஊற்றச் சொன்னதைப் பார்த்துப் பரிமாறிய பெண் ஓடிப் போய் ஆச்சியிடம் சொன்னாள். உள்ளே சிரிப்புச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தண்ணீரையும் சொல்ல வேண்டும். ஊருணித் தண்ணீர். உப்புக் கரிக்கும் கிணற்றில் வளர்ந்த நான் ஐந்து செம்பு குடித்தேன்.

பிறகுதான் ஆச்சி கதையைக் கேட்டார். தங்கம்மாக்கா கேட்ட கேள்வியைச் சொன்னபோது அவர் முகம் மாறியது.

"கடுதாசியெல்லாம் பத்திரமா இருக்கு. எங்க வீட்ல துண்டுக் காகிதத்தக்கூட எறிய மாட்டாக. ஆனா அந்த அறைக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி எங்கிட்ட. இன்னொண்ணு எங்க கொழுந்தனார் அழகப்பன்கிட்ட. ரெண்டு பங்காளி வீடும் சேந்து நின்னாத்தான் தெறக்கணும். மாமா வச்சிட்டுப் போன மொற."

"அவரிட்டைச் சாவியை வாங்கி வரட்டே?"

"சாவி தனியா வராது. ஆளோடதான் வரும். ஆளு வர மாட்டாரு. நாலு வருஷமா இந்தப் படியில அவரு காலு படலே."

ஒரு தச்சரைக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டுவிட்டேன். ஆச்சி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. "எங்க வீட்டுக் கதவ ஒடைக்கவா கடல் தாண்டி வந்தீக?"

விஷயம் இதுதான். நான்கு வருஷத்துக்கு முன் ஆச்சி மகனுக்குக் கல்யாணம். பங்காளி வீட்டுக்கு ஆண்பிள்ளை ஒருவர் நேரில் போய் அழைக்க வேண்டும், அது அவர்கள் முறை. ஆச்சியின் கணவர் கப்பலில் வந்துகொண்டிருந்தார். வேலை தலைக்கு மேல். ஆச்சி அவசரத்தில் பத்திரிகையைச் சிங்கம்புணரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். அழகப்பச் செட்டியார் சிங்கம்புணரியில் தானியக் கடை வைத்திருந்தார். பஸ் நிற்காமலே கண்டக்டர் பத்திரிகையைக் கடைக்குள் வீசியிருக்கிறார். அது மூட்டை மேல் விழுந்தது. அன்றோடு போக்குவரத்து நின்றது.

"கடைக்குள்ள வீசுவான்னு நான் கண்டேனா? நானும் போயிக் கேட்டிருக்கணும். கேக்கல. அவுகளும் கேக்கல. வருஷம் ஓடிப் போச்சு" என்றார் ஆச்சி. வருத்தம் குரலில் இருந்தது. ஆனால் கூப்பிட்டு வா என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

மறுநாள் காலை சிங்கம்புணரிக்குப் புறப்பட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "ரேடியோவுல பேசுறாப்ல பேசுறீகளே, பாட்டு ஏதும் போடுவீகளா?" என்று கேட்டார். அவர் மடியில் கால் கட்டிய கோழி ஒன்று. கோழியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனோம். அம்மாள் இறங்கும்போது பஸ் காலியாகிவிட்டது. இளையாத்தங்குடி என்றார்கள். நான் ஏறியதே தப்பான பஸ்.

அடுத்த பஸ் சாயங்காலம். கோயில் குளக்கரையில் உட்கார்ந்தேன். செட்டியார் வீடுகளுக்கு ஒன்பது கோயில்கள் உண்டு, அதில் இது ஒன்று என்று அங்கே ஒருவர் சொன்னார். இவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டுமாம். யார் எந்தக் கோயில், எந்த வீடு என்று தலைமுறை தலைமுறையாக எழுத்தில் இருக்கிறதாம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இங்கே ஒரு மனிதன் பிறந்தால் கோயில் வரை தெரிகிறது. எங்கள் தங்கம்மாக்கா ஒரு தீவையே பிறப்பித்துவிட்டு, தான் பிறந்ததை நிரூபிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் வீண். இன்னும் ஐந்து நாள்.

மூன்றாம் நாள் கேட்டுக் கேட்டுச் சரியான பஸ்ஸில் ஏறினேன். சிங்கம்புணரியில் சந்தை நாள். மாடுகளுக்கு நடுவில் புகுந்து, ஒரு காளையிடம் வேட்டி முனையைப் பறிகொடுத்து, அழகப்பச் செட்டியார் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். நாற்பதைத் தாண்டிய, குள்ளமான, சுத்தமான மனிதர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணமிண்டி கூப்பிடச் சொன்னாகளா?"

அண்ணன் மனைவியை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆச்சி கூப்பிடச் சொல்லவில்லை. நான் பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்துகிறவன்.

"ஓம். சொன்னவை" என்றேன்.

"என்ன சொன்னாக?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மோரை மெதுவாகக் குடித்தேன். "கண்டக்டர் வீசுவான் எண்டு நான் நினைக்கேல்லை, வீட்டிலை ஆம்பிளை இல்லாத நேரம், நானே வந்து கூப்பிட்டிருக்க வேணும் எண்டு சொன்னவை" என்றேன். யோசித்துப் பார்த்தால் இதில் பொய் அதிகம் இல்லை.

அவர் எழுந்து ஒரு மூட்டையைச் சரிசெய்தார். சரியாக இருந்த மூட்டைதான். "நாலு வருஷத்துல நேர்ல வந்து கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான். அதுவும் கடல் தாண்டி வந்திருக்கீக. வரலேன்னா நான் மனுஷனா?" என்றார்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு அழகப்பச் செட்டியார் கையில் வாழைத்தாரும் பூவுமாகக் கோட்டையூர் வாசலில் நின்றார். முன் வாசலில்தான். நான் ஆச்சியிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை, சொல்லத் தைரியமில்லை. உள்ளேயிருந்து வந்த ஆச்சி ஒரு கணம் அப்படியே நின்றார்.

"நீங்க கூப்பிட்டு விட்டீகன்னு சொன்னாரு, அண்ணமிண்டி" என்றார் அவர்.

ஆச்சி என்னைப் பார்த்தார். என் கை தானாகவே பின்னால் கட்டிக்கொண்டது, வகுப்பில் பிடிபட்ட மாணவன் நிற்கிற மாதிரி. பிறகு ஆச்சி, "கூப்பிட்டா இம்புட்டு நேரமா? நேத்தே வருவீகன்னு பாத்தேன். உள்ள வாங்க" என்றார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றார்.

இரண்டு சாவியும் திரும்பின. அறைக்குள் வரிசையாகக் கம்பிகள் தொங்கின. ஒரு கம்பிக்கு ஒரு வருஷம். கடிதங்களைக் குத்திக் குத்திக் கோத்து வைத்திருந்தார்கள். மேலே ஓலைப் பாய் மூடியிருந்ததால் பூச்சி அரிக்கவில்லை. தங்கம்மாக்காவின் வயது ஊர் சொல்கிற கணக்கு, இரண்டு மூன்று வருஷம் முன்பின் இருக்கும். ஐந்து கம்பிகளை இறக்கிக் கூடத்தில் போட்டோம். செட்டியாரின் கையெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. அழகப்பச் செட்டியார் படிக்க, நானும் ஆச்சியும் கேட்டோம்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? எங்கள் தீவு அந்தக் கூடத்துக்கு வந்துவிட்டது. முதல் சைக்கிள் தோணியிலிருந்து இறங்கிய நாளன்று ஊரே பின்னால் ஓடியதாம். ஓட்டியவருக்கு நிறுத்தத் தெரியாமல் கல்வேலியில் போய் மோதினாராம். பெயரைப் படித்தபோது என் பெரியப்பா. அவர் சாகும்வரை நொண்டி நடந்தார், சண்டையில் பட்ட காயம் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். மழை பொய்த்த வருஷம் குடிதண்ணீர் தோணியில் வந்ததையும், அதை வாங்கப் பெண்கள் வெயிலில் நின்றதைப் பார்க்கப் பொறுக்காமல் கடை முற்றத்தில் பந்தல் போட்டதையும் எழுதியிருந்தார். கப்பல் ஒன்று கடலடிக் கற்பாரில் தட்டிச் சவர்க்காரப் பெட்டிகள் கரை ஒதுங்கினவாம். 'இந்த மாதம் இவ்வூரில் அழுக்கான மனிதர் ஒருவரும் இல்லை' என்றிருந்தது. காட்டுக் குதிரை ஒன்று கடைக்குள் புகுந்து ஒரு சாக்கு அரிசியைத் தின்றுவிட்டு, விரட்ட விரட்ட நின்று பார்த்ததாம். என் பள்ளிக்கூட மலரில் நான் எழுதி வைத்திருந்த பறங்கியரையும் ஒல்லாந்தரையும் நினைத்து வெட்கப்பட்டேன்.

ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியும் ஒரே ஆளைப் பற்றித்தான். 'சின்னவன் அழகு நடக்கிறானா? எழுதவும்.' அடுத்த வாரம், 'அழகு பேசுகிறானா? எழுதவும்.' முதல் இரண்டு தடவை அழகப்பச் செட்டியார் சாதாரணமாகப் படித்தார். பிறகு அந்த வரி வரும்போது நிறுத்திவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போனார். "அந்த வரியையும் படிங்க" என்றார் ஆச்சி. "அப்பச்சி எம்மேல இம்புட்டுப் பிரியமா இருந்தாகளா? எனக்கு அவுக மொகமே சரியா நெனவில்ல" என்று தகப்பனாரைச் சொல்லி அழகப்பச் செட்டியார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும்?

நான்காவது கம்பியில், பொழுது சாயும் நேரத்தில் அது கிடைத்தது.

'நம் கடைச் சமையல்காரர் கருப்பையா பெண்சாதிக்குப் புதன்கிழமை உதயத்தில், இவ்விடம் நெடுந்தீவில் நம் கடைப் பின்கட்டிலேயே பெண் மகவு ஜனனம். தாயும் சேயும் க்ஷேமம். தங்கம் என்று பெயர் சூட்டினோம்.'

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆச்சி பணியாரத் தட்டைத் தட்டிவிட்டார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினோம். கடிதத்தின் மேலே வருஷம், மாதம், தேதி எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தது.

பேச்சு அடங்கியதும் அழகப்பச் செட்டியார் நெற்றியைத் தேய்த்தார். "இந்த அறைக் காகிதம் வாசல் தாண்டக் கூடாதுன்னு அப்பச்சி சொல்லிருக்காக. நகல் எழுதிக்கிடுங்க."

நகல் செல்லாது என்றேன். மூலம்தான் கேட்டார்கள்.

"வாசல் தாண்டாத காகிதத்த வச்சு நாம என்ன பண்ணப் போறோம்? ஊறுகாயா போடுறது?" என்றார் ஆச்சி. "அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக் கூரைக்குக் கீழ பொறந்தவ. மாமா பேரு வச்ச பிள்ள. அவளத் தெருவுல விட்டுட்டுக் கடுதாசியப் பூட்டி வச்சா மாமா சம்மதிப்பாகளா? நீங்களே சொல்லுங்க."

அவர் கூடத்தில் கிடந்த கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். தங்கம்மாக்காவின் வாழ்வு முழுவதும் அந்தக் குள்ளமான மனிதரின் கையில் இருந்தது. கடைசியில் அவர் கடிதத்தைக் கம்பியிலிருந்து கிழியாமல் உருவி ஆச்சியிடம் நீட்டினார். "நீங்களும் ஒரு கை பிடிங்க, அண்ணமிண்டி. ரெண்டு பேரும் சேந்து குடுத்ததா இருக்கட்டும்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து என் கையில் வைத்தார்கள். ஆச்சி சொன்னார்: "இதத் திருப்பிக் குடுக்க நீங்க வர வேணாம். அந்தப் பொண்ணையே கொண்டுக்கிட்டு வரச் சொல்லுங்க. விருந்துக்கு வரட்டும், பத்து நாள் இருந்துட்டு அவ ஊருக்குப் போகட்டும். எவனோ அனுப்பிவச்சு இங்குட்டு வரக் கூடாது."

மறுநாள் புறப்பட்டேன். இரண்டு டின் பலகாரம், ஒரு சாக்கு வடகம், அழகப்பச் செட்டியார் தந்த துவரை. சுங்கத்தில் வடகத்தை என்னவென்று விளக்குவதற்குள் கப்பல் போய்விடும் போலிருந்தது. கப்பலில் உட்கார்ந்த பிறகுதான் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் எழுதியிருந்தது. கோட்டையூரில் அந்தக் கூச்சலில் யாரும் அதைப் பார்க்கவில்லை. அந்த ஒரு நாள் பழக்கத்தில் செட்டியார் கையெழுத்து எனக்கும் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மடித்து வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கம்மாக்காவின் தாய், அவர் பிறந்த நாற்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். படம் கிடையாது. தகப்பன் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை. இது தீவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

யாழ்ப்பாணத்துக் குடியுரிமைக் கந்தோருக்கு நானும் தங்கம்மாக்காவும் போனோம். அதிகாரி முன்பக்கத்தை இரண்டு தரம் படித்தார். தேதியைப் பார்த்தார், பழைய தபால் முத்திரையைப் பார்த்தார். "இது போதும் அம்மா. மூலத்தில் ஒரு முத்திரை வைத்துவிட்டுத் தந்துவிடுகிறேன்" என்றார். தங்கம்மாக்கா கும்பிட்டார்.

"பின்பக்கமும் இருக்கு அக்கா" என்றேன். வாசியுங்கோ என்றார். அதிகாரியின் மேசை முன்னாலேயே வாசித்தேன்.

'பெண் என்று கருப்பையா சற்று முகம் வாடினார். தன் தங்கைக்குப் பிள்ளை இல்லை, அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்றாராம். அவர் பெண்சாதி படுத்த வாக்கிலேயே, எம்புள்ளய யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன், நான் இருக்கிற எடத்துலதான் அவளும் இருப்பா என்றாளாம். கடை ஆட்கள் வெளியில் நின்று கேட்டுச் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம்.'

"இன்னொருக்கா வாசியுங்கோ, மாஸ்டர்."

வாசித்தேன்.

தங்கம்மாக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "அம்மா சொன்னது எந்த இடத்தில எழுதியிருக்கு?" என்று கேட்டார். காட்டினேன். அவர் மேசை மேல் குனிந்து அந்த வரியில் விரலை வைத்தார். அதிகாரி முத்திரையை மையில் தொட்டு எடுத்துக்கொண்டு கடிதத்துக்காகக் கை நீட்டினார். தங்கம்மாக்கா விரலை எடுக்கவில்லை.